பாதுகாப்பு வழக்குகளில் பதில் சொல்லும் கடமை

நாட்டின் பாதுகாப்பைத் தொடும் குற்றமொன்றைப் புலனாய்வு செய்யும் அதிகாரி, விவரம் அறிந்தவர் எனக் கருதும் ஒருவரை அழைத்துக் கேள்வி கேட்கிறார். அவர் பதில் சொல்லக் கட்டுப்பட்டவரா? மறுத்தால் தண்டனை உண்டா? சொன்ன பதில் பின்னர் அவருக்கே எதிராகத் திரும்புமா? இவ்வினாக்களுக்கு நமது நாட்டில் ஒரே சட்டத்தில் விடை காண இயலாது. அரசியல் சட்டம், நடைமுறைச் சட்டம், தனிச் சட்டங்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகிய நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டியுள்ளது.

அடிப்படை விதிகள் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 160, 161 ஆகிய பிரிவுகளாக இருந்தன. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179, 180 பிரிவுகள் அவற்றின் இடத்தைப் பெற்றுள்ளன. புலனாய்வு அதிகாரி எழுத்து மூலம் ஆணையிட்டு, தமது காவல் நிலைய எல்லைக்குள்ளோ அடுத்த நிலைய எல்லைக்குள்ளோ இருக்கும் ஒருவரை நேரில் வரச் செய்யலாம். பெண்கள், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், உடல் அல்லது மன ஊனமுற்றோர், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். கேட்கப்படுபவர் உண்மையாகப் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். ஆயினும், தம் மீது குற்றச்சாட்டோ தண்டமோ சொத்துப் பறிமுதலோ வர இடந்தரும் கேள்விகளுக்கு மட்டும் அவர் பதில் தர வேண்டியதில்லை. பதிவு செய்யப்படும் வாக்குமூலத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. போலீசாரிடம் அளிக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகச் சாட்சியமாக்கவும் முடியாது. காவல் நிலையச் சுவர்களுக்குள் பெறப்படும் சொல்லை முழுமையாக நம்பாத பழைய மரபு இது. பயங்கரவாத வழக்குகளைப் புலனாய்வு செய்யும் தேசிய புலனாய்வு முகமையையும் இது கட்டுப்படுத்துகிறது. உளவுத் துறைக்கோ, யாரையும் கட்டாயப்படுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் தரவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது அரசியல் சட்டத்தின் 20(3) ஷரத்து. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். கைரேகை, கையெழுத்து மாதிரி போன்றவற்றைப் பெறுவது இத்தடைக்குள் வராது என்று 1961-இல் காத்தி காலு ஓகட் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. ஒரிஸ்ஸாவின் முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதி, காவல் நிலையத்தில் தரப்பட்ட எழுத்து வடிவக் கேள்விகளுக்குப் பதிலளிக்க மறுத்ததற்காக வழக்கை எதிர்கொண்டார். 1978-இல் அவ்வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பின்படி, இப்பாதுகாப்பு நீதிமன்றத்தில் மட்டுமின்றிப் போலீஸ் விசாரணை தொடங்கும்போதே கிடைக்கிறது. மனத்தளவிலான நெருக்குதலும் கட்டாயமே ஆகும். 2010-இல் செல்வி வழக்கின் தீர்ப்பு, சம்மதமின்றி நார்கோ பரிசோதனை போன்ற சோதனைகளைச் செய்வதற்குத் தடை விதித்தது.

இந்தப் பின்னணியில்தான் சட்டவிரோத நடவடிக்கைகள் (தடுப்பு) சட்டத்தின் 43-எஃப் பிரிவைப் பார்க்க வேண்டும். இது முற்றிலும் புதிய விதியன்று. 2002-ஆம் ஆண்டின் பொடா சட்டத்தில் 14-ஆவது பிரிவாக இருந்ததே, அச்சட்டம் 2004-இல் நீக்கப்பட்ட பின்னர், மும்பைத் தாக்குதலை அடுத்து 2008 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே மீண்டும் இடம்பெற்றது. இதன்படி புலனாய்வு அதிகாரி, போலீஸ் சூப்பிரண்டு தகுதிக்குக் குறையாத ஒருவரின் எழுத்து மூலமான முன் அனுமதியுடன், அரசு அலுவலகம், உள்ளாட்சி மன்றம், வங்கி, கம்பெனி, தனிநபர் என எவரிடமும் அக்குற்றம் தொடர்பான விவரத்தைக் கேட்டுப் பெறலாம். தர மறுத்தாலும், தெரிந்தே பொய்யான விவரம் தந்தாலும் 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மௌனத்தையும் பொய்யையும் சட்டம் ஒரே தராசில் நிறுத்தியிருப்பது கவனிக்கத்தக்கது. சாதாரண வழக்கில் பதில் தர மறுப்பவருக்கு உச்சபட்சச் சிறை 6 மாதமே.

பொடாவின் 14-ஆவது பிரிவைச் செல்லத்தக்கதென உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் ஏற்றது. குற்றம் பற்றிய விவரத்தைத் தொழில் தருமத்தின் பெயரால் மறைத்து வைக்கும் உரிமை பத்திரிகையாளருக்கோ வழக்கறிஞருக்கோ இல்லை என்ற நீதிமன்றம், அவர்களிடம் விவரம் கேட்கும்போது அதிகாரி எச்சரிக்கையுடன் நடந்துகொள்ள வேண்டும் என்றும் கூறியது.

சிக்கல் இனிமேல்தான். “பிற சட்டங்களில் எது கூறப்பட்டிருப்பினும்” என்று 43-எஃப் தொடங்குகிறது. ஆகவே தம்மைச் சிக்கவைக்கும் கேள்விக்கு மௌனம் காக்க நடைமுறைச் சட்டம் தரும் சலுகை இங்கே பயன்படாது என்று வாதிட இடமுண்டு. அரசியல் சட்டத்தை இவ்வாசகம் வெல்ல முடியாது என்பது உண்மையே. ஆனால் 20(3) ஷரத்து குற்றம் சாட்டப்பட்டவருக்கு உரியது. இன்று சாட்சியாக அழைக்கப்பட்டு, நாளை எதிரியாகச் சேர்க்கப்படக்கூடிய மனிதர் எந்தக் கூரையின் கீழ் நிற்கிறார்? நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவரைப் பொறுத்தவரை சாட்சியச் சட்டம் இதற்கு வழி கண்டுள்ளது. தம்மைப் பாதிக்கும் கேள்விக்கும் அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். அவ்வாறு கட்டாயப்படுத்திப் பெறப்பட்ட பதிலை, பொய்ச்சாட்சி வழக்கு தவிர, வேறெதிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. ஆஸ்திரேலியா 2003-இல் தனது உளவு நிறுவனத்துக்கு வாரண்டின் பேரில் கட்டாயமாகக் கேள்வி கேட்கும் அதிகாரத்தைத் தந்தபோது இதே முறையைப் பின்பற்றியது. மௌனத்துக்கு அங்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பெறப்பட்ட பதிலை, பொய் சொன்ன குற்றம் போன்றவை தவிர, பதில் சொன்னவர் மீதான குற்ற வழக்கில் முன்வைக்க முடியாது. நமது 43-எஃப் பிரிவில் இப்படியொரு வாசகம் இல்லை. அதைச் சேர்ப்பதால் புலனாய்வு தளர்ந்துவிடாது. அஞ்சி ஒளிபவர்கள் பேச முன்வருவார்கள் என்றே எதிர்பார்க்கலாம்.

பணப் பரிமாற்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் வேற்றுமை இன்னும் கூர்மையாகிறது. பயங்கரவாதத்துக்கு நிதி சென்றதாகச் சந்தேகிக்கப்படும் ஒரே கணக்கைப் பற்றி ஒரே மனிதரைத் தேசிய புலனாய்வு முகமையும் கேட்கலாம், அமலாக்கத் துறையும் கேட்கலாம். முன்னதில் அவர் வாக்குமூலத்தில் கையெழுத்திடுவதில்லை. பின்னதில், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி, சம்மன் பெற்றவர் உண்மை கூறக் கடமைப்பட்டவர். கேட்கும் ஆவணங்களையும் தர வேண்டும். அமலாக்கத் துறையினர் போலீசார் அல்லர் என்றும், சம்மன் கட்டத்தில் 20(3) ஷரத்து குறுக்கிடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் தீர்ப்பளித்தது. போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் அதிகாரிகளைப் பொறுத்தமட்டில், 2020 அக்டோபரில் தூஃபான் சிங் வழக்கில் இதற்கு மாறான முடிவு எடுக்கப்பட்டிருந்தது. கேட்பவரின் பதவிப் பெயரைப் பொறுத்துப் பதிலின் மதிப்பு மாறுவதைச் சாதாரணக் குடிமகனுக்கு விளக்கிச் சொல்வது எளிதன்று.

தடா, பொடா சட்டங்களின் காலத்தில் போலீஸ் சூப்பிரண்டிடம் தரப்பட்ட ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியமாக ஏற்கப்பட்டது. தடாவில் இருந்த அவ்விதியை 1994-இல் கர்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. தடா 1995-இல் காலாவதியாயிற்று. பின்னர் 2004-இலும் 2008-இலும் செய்யப்பட்ட திருத்தங்களில் பாராளுமன்றம் அவ்விதியை மீட்கவில்லை. விவரம் கேட்கும் அதிகாரம் திரும்பி வந்தது; ஒப்புதல் வாங்கும் அதிகாரம் வரவில்லை.

43-எஃப் நோட்டீசு பெறும் வங்கி மேலாளரோ அலுவலகத் தலைவரோ முதலில் மூன்று செய்திகளைச் சரிபார்ப்பது நலம். இச்சட்டத்தின் கீழான குற்றம் எதுவென நோட்டீசு கூறுகிறதா, சூப்பிரண்டின் எழுத்து மூலமான அனுமதி பெறப்பட்டுள்ளதா, கேட்கப்படும் விவரம் அக்குற்றத்தோடு தொடர்புடையதா என்பன அவை. இவை சரியாக இருப்பின் காலந்தாழ்த்தாமல் விவரத்தை எழுத்தில் தந்து, பிரதியொன்றை அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும்.