டிரிப்டோஃபேனைக் கண்டதும் திறக்கும் ஜீன்

ஈ.கோலை பாக்டீரியா டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்கும். அதே பாக்டீரியா, டிரிப்டோஃபனேஸ் என்ற நொதியால் அதைச் சிதைத்து இண்டோல், பைருவேட், அம்மோனியா ஆக்கவும் செய்யும். செய்வதையும் உடைப்பதையும் ஒரே நேரத்தில் நடத்தினால் வீண்தானே? எப்படித் தவிர்க்கிறது?

முதல் தடை குளுக்கோஸ். அது தாராளமாகக் கிடைக்கும்வரை சிதைக்கும் ஜீன் பெரும்பாலும் அடங்கியே இருக்கும்.

அடுத்த ஏற்பாடுதான் அபாரம். நொதியின் ஜீனுக்கு முன்னால், 24 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு குட்டிப் புரதத்துக்கான குறியீடு இருக்கிறது. ரைபோசோம் அதைக் கட்டி முடித்து விலகிவிட்டால், வெறுமையான ஆர்.என்.ஏ. இழையில் ‘ரோ’ என்ற புரதம் ஏறிக்கொள்ளும்; ஜீனைப் படியெடுக்கும் வேலையைப் பாதியில் நிறுத்திவிடும். டிரிப்டோஃபேன் மிகுந்திருந்தாலோ, அது ரைபோசோமுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறது. குட்டிப் புரதத்தை விடுவிக்க முடியாமல் ரைபோசோம் முடிவுக் குறியீட்டிலேயே நின்றுவிடுகிறது. ரோ ஏற இடமில்லை. படியெடுப்பு தொடர்கிறது, நொதி உருவாகிறது. சிதைக்க வேண்டிய பொருளே சாவியாகவும் இருப்பதை எத்தனை முறை படித்தாலும் வியப்பு தீராது.

ஸ்டான்ஃபோர்டில் சார்லஸ் யனோஃப்ஸ்கியின் ஆய்வகம் பல்லாண்டு உழைத்து இதைத் துலக்கியது. மருத்துவ ஆய்வகங்களில் பாக்டீரியா வளர்த்த குழாயில் கோவாக்ஸ் கரைசலை விட்டதும் மேலே சிவப்பு வளையம் தோன்றுகிறதே, அது இந்த நொதி உண்டாக்கிய இண்டோலின் அடையாளம்.