மலைச்சாரலில் ஆங்கிலக் கிராமத்துக் கோயில்

தம் ஊரை விட்டு அயல்நாட்டிற் குடியேறிய மக்கள், உண்ண உணவும் உறைய இடமும் அமைந்த பின்னர் முதலில் நாடுவது வழிபாட்டுக்கு ஓர் இடத்தையே. அவ்விடத்தையும் அவர்கள் புதிதாகக் கற்பனை செய்வதில்லை. விட்டு வந்த ஊரின் கோயில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அமைக்க முயல்வர். நமது மலைநாட்டுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரு சாரார் வந்து சேர்ந்தனர். காட்டை அழித்துக் கோப்பி பயிரிட வந்த ஆங்கிலத் துரைமார் ஒரு சாரார். அவர்தம் தோட்டங்களில் உழைக்க மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மலையேறிய தமிழ் மக்கள் மற்றொரு சாரார். முன்னவர் தம் ஊர்க் கற்கோயிலை இங்கே எழுப்பினர். பின்னவர் தம் ஊர் மாரியம்மனையும் முனியாண்டியையும் மரத்தடியில் நிறுத்திக் கும்பிட்டனர்.

தோட்டத்து அம்மன் கோயிலைப் பற்றி நாம் பேசுவதுண்டு. துரைமார் கட்டிய ஆலயங்களையோ பாதையில் நின்று பார்த்துவிட்டுப் போகின்றோமேயன்றி, உள்ளே சென்று அவற்றின் பொருளை அறிய முயல்வது அரிது. சைவனாகிய யான் கோயிலமைப்பைப் பற்றி மாணவருக்கு எடுத்துரைக்கும் பொழுதெல்லாம், அண்மையிலே நிற்கும் இக்கட்டடங்களையும் உடன் வைத்து ஒப்பிட்டுக் காட்டுவது வழக்கம். அவ்வொப்பீடே இக்கட்டுரைக்கு அடிப்படை.

வார்லி ஆலயம்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் செல்லும் பாதையில், காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிய மேட்டிலே, வார்லி கிறிஸ்து ஆலயம் நிற்கின்றது. 1878ஆம் ஆண்டில் எழுந்த கற்கட்டடம் அது. அன்று கீழே நீர்த்தேக்கம் இல்லை. 1960களில் அணை கட்டப்பட்ட பின்னரே பள்ளத்தாக்கு நீரால் நிறைந்தது. தேயிலையும் அன்று இத்துணைப் பரந்திருக்கவில்லை. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டது 1867இல். கோப்பியின் இலைநோய் தோன்றியது 1869இல். எனவே ஒரு பயிர் மடிந்து மற்றொரு பயிர் வேரூன்றாத இடைக்காலத்தில் இவ்வாலயம் எழுந்தது என்பது கருதத்தக்கது.

புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியை அடைந்தது. ஹட்டனுக்கு வந்தது 1884இல். ஆதலின் ஆலயத்துக்காக வெளியிலிருந்து வந்த பொருள்கள் நாவலப்பிட்டிக்கு மேலே மாட்டு வண்டியிலும் மனிதர் தலையிலுமே ஏறி வந்திருத்தல் வேண்டும். சுமந்த தலைகள் எவருடையவை என்பதை யான் சொல்ல வேண்டுவதில்லை.

நுவரெலியாவிலுள்ள பரிசுத்த திரித்துவ ஆலயம் இதனினும் மூத்தது. கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் அத்தியட்சரான ஜேம்ஸ் சப்மன் 1852இல் அதனைப் பிரதிஷ்டை செய்தார். அக்காலத்தில் இங்கிலாந்தில் ஒரு கொள்கை வலுப்பெற்றிருந்தது. இடைக்காலத்துக் கிராமக் கோயிலின் அமைப்பே கிறிஸ்தவ வழிபாட்டுக்கு உரியது என்பது அக்கொள்கை. 1839இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய கேம்டன் சங்கம் அதனை ஊக்கத்தோடு பரப்பிற்று. ஆங்கிலேயர் குடியேறிய நாடுகளிலெல்லாம் கூர்நுனி வளைவும் சரிந்த கூரையும் மணிக்கூண்டுமாக ஆலயங்கள் எழுந்தமைக்கு அது ஒரு காரணம்.

எதிரெதிர்த் திசைகள்

இடைக்கால ஆங்கிலக் கோயில் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும். நமது கோயிலுக்கும் கிழக்கே சிறந்த திசை. ஆயினும் இரண்டிற்கும் உள்ள வேற்றுமை சுவையானது. நம் கோயிலில் மூர்த்தி கிழக்கு நோக்கி எழுந்தருளியிருப்பார். அடியார் கிழக்கு வாயிலாற் புகுந்து மேற்கு நோக்கித் தொழுவர். அவர்தம் கோயிலில் மக்கள் மேற்குப் பக்கத்தில் நின்று கிழக்கு நோக்கித் தொழுவர். திருவிருந்துப் பீடம் கிழக்குக் கோடியில் இருக்கும். நமக்கு இறைவன் உதயத்தைப் பார்க்கின்றான். அவர்களுக்கு அடியார் உதயத்தைப் பார்க்கின்றனர். மலைச்சரிவில் நிலம் இடங்கொடாத போது இவ்விதி நெகிழ்வதும் உண்டு.

கட்டடத்தின் உட்பகுதி இரண்டு. மக்கள் கூடும் நீண்ட மண்டபம் ஒன்று. அதற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர், கப்பலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. குருவானவர் வழிபாடு நடத்தும் கிழக்குப் பகுதி மற்றொன்று. முன்னதை நம் மகா மண்டபத்துக்கும், பின்னதைக் கருவறைக்கும் ஒருவாறு ஒப்பிடலாம். இரண்டிற்கும் இடையே இடைக்காலத்தில் சித்திர வேலை அமைந்த மரத்தடுப்பு ஒன்று நின்றது. அதன்மேற் சிலுவை இருக்கும். கிழக்குப் பகுதியைப் பழுதுபார்ப்பது குருவின் கடன். மண்டபத்தைப் பழுதுபார்ப்பது ஊராரின் கடன். இவ்வாறு கட்டடத்தின் பொறுப்பையே பங்கிட்டுக் கொண்டமை அறிந்து பாராட்டத்தக்கது.

உள்ளே உள்ளவை

ஆலயத்துட் புகுவோர் வாயிலுக்கு அண்மையிலே காண்பது ஞானஸ்நானத் தொட்டி. சபையிற் சேர்வதற்கு வாயில் ஞானஸ்நானமே ஆதலின், அதன் இடமும் வாயிலருகே ஆயிற்று. தீர்த்தத்தை எவரும் களவாடி மாந்திரிகத்துக்குப் பயன்படுத்தாதவாறு தொட்டியை மூடிப் பூட்டி வைக்கவேண்டும் என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே கட்டளை பிறந்தது. தீர்த்தத்தில் நம்பிக்கை வைப்பது ஒரு நாட்டாருக்கே உரிய இயல்பன்று என்பது இதனாற் புலனாகும்.

அடுத்தவை மர வாங்குகள். பழங்காலத்தில் மக்கள் நின்றே வழிபட்டனர். முதியோரும் நோயாளரும் மாத்திரம் சுவரோரக் கற்றிண்ணையில் அமர்ந்தனர். பதினைந்தாம் நூற்றாண்டளவிலேதான் வாங்குகள் பெருகின. பின்னர் இன்ன குடும்பத்துக்கு இன்ன வாங்கு என்ற உரிமையும், வாங்குக்கு வாடகையும் ஏற்பட்டன. இறைவன் சந்நிதியிலும் வரிசை பார்க்கும் வழக்கம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. பிரசங்க பீடம் ஒவ்வோர் ஆலயத்திலும் இருத்தல் வேண்டும் என்பது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே எழுந்த திருச்சபை விதி. கழுகின் விரித்த சிறகில் வேத புத்தகத்தை வைத்து வாசிக்கும் பீடமும் சில ஆலயங்களில் உண்டு. எழுத்தறியாத மக்களுக்கு வேதக் கதைகளைக் காட்டும் ஏடுகளாக அன்று பயன்பட்டவை சுவரோவியங்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும். சமயச் சீர்திருத்தக் காலத்தில் சுவரோவியங்கள் பல வெள்ளையடித்து மறைக்கப்பட்டன. வார்லியிலே மலைநாட்டு வெயில் வண்ணக் கண்ணாடியில் விழுந்து உள்ளே நிறம் சிந்தும் காட்சி காண்பவர் உள்ளத்தை ஈர்ப்பது.

கல்லறைகள் கூறுவன

ஆலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் கிடக்கின்றன. இதுவும் இங்கிலாந்தின் கிராம வழக்கமே. இறந்தோரைக் கடந்தே இருப்போர் வழிபடச் செல்வர். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் உலகறிந்த ஒருவர் துயில்கின்றார். புகைப்படக் கலையில் முன்னோடியான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1879இல் இங்கே காலமானார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்குக் காரணமான கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவில் இடம்பெற்றவர். அவரும் அம்மையாருக்கு அருகே அடக்கம் பெற்றார்.

டார்வின், டெனிசன் முதலிய அறிஞரைப் படம் பிடித்த அம்மையார், இலங்கையில் வாழ்ந்த ஆண்டுகளில் இங்குள்ள எளிய மக்களையும் படம் பிடித்தார். அறிஞரின் படங்கள் அவரவர் பெயரால் வழங்குகின்றன. இம்மக்களின் படங்களிற் பெரும்பாலானவற்றில் முகம் உண்டு, பெயர் இல்லை.

எழுதப்படாத பெயர்கள்

ஒருமுறை மாணவரை அழைத்துச் சென்று, துரைமாரின் கல்லறை எழுத்துக்களைப் படி எடுக்கச் செய்தேன். பிறந்த ஊர், இறந்த நாள், வயது, தோட்டத்தின் பெயர் யாவும் அவற்றில் இருந்தன. பலர் இளமையிலே மாண்டவர். மாணவர் அவற்றை இரக்கத்தோடே எழுதினர். எழுதி முடித்த பின்னர் ஒரு மாணவி, “ஐயா, இந்தக் கல்லைச் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லில் இருக்கின்றது?” என்று வினவினாள்.

அவ்வினா தமிழரின் கல்வெட்டு மரபையே தொட்டு நிற்கின்றது. இராசராச சோழன் 1010இல் நிறைவு செய்த தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டில், பணிபுரிய வந்த 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயரும், அவர்க்கு அளித்த வீடும் தெருவும் பொறிக்கப்பட்டுள்ளன. விளக்கெரிக்க ஆடு கொடுத்தவரும் கல்வெட்டிலே வாழ்கின்றார். அம்மரபில் வந்த மக்களே மலைநாட்டில் பெயரின்றி உழைத்தனர். துரை ஆலயத்திலும் அவர் பெயர் இல்லை. தாமே நிறுத்திய மாரியம்மன் கோயிலிலும் முதற் கல் நட்டவர் பெயரை எழுதி வைத்தாரில்லை.

எழுத்தின்மையின் விலை சிறிதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தந்தை முதலிய முன்னோர் இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. அதனைக் காட்ட இயலாத மலையக மக்கள் பல்லாயிரவர் நாடற்றோராயினர். எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல். ஒரு பெயர் ஒரு தாளில் இருந்ததா என்பதே ஒரு குடும்பத்தின் ஊரையும் உரிமையையும் தீர்மானித்தது.

இன்று மலைநாட்டு ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றிலே தமிழ் வழிபாடும் நிகழ்கின்றது. துரைமாருக்கென இட்ட வாங்குகளில் தொழிலாளரின் மக்கள் அமர்ந்து தமிழிலே பாடுகின்றனர். ஆகவே அக்கட்டடங்கள் இனி அயலார் பொருளல்ல. அவற்றின் அமைப்பை அறிவதும் காப்பதும் நமக்கும் உரிய பணி.

ஆசிரியர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. அண்மையிலுள்ள ஆலயத்தின் கல்லெழுத்துக்களை மழை அரிக்குமுன் மாணவரைக் கொண்டு படி எடுப்பியுங்கள். அதே கொப்பியின் மறுபக்கத்தில், தோட்டத்து முதியோரைக் கேட்டு, அம்மன் கோயிலை நிறுத்தியவர் யார், மணி வாங்கித் தந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பவற்றையும் எழுதுவியுங்கள். முதற் பணிக்கு இன்னும் சில ஆண்டுகள் தவணை உண்டு. இரண்டாவதற்கு அத்தவணை இல்லை. முதியோர் ஒவ்வொருவராக நம்மை விட்டுச் செல்கின்றனர்.