200 மெகா பிக்சலில் சிதம்பரம் தேர்!

"எத்தனை மெகா பிக்சல்?" கேமரா செல்போன் வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நானும் பல வருடங்கள் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் சரி என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு மார்கழித் தேர்.

எங்கள் வீடு கடலூரில். சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். அம்மா வருடம் தவறாமல் மார்கழித் தேருக்குப் போய் வடம் பிடித்துவிட்டு வருவார். முழங்கால் வலி வந்த பிறகு அந்தக் கூட்டத்தில் அவரால் நிற்க முடியவில்லை. டிவியில் காட்டுகிறார்களே என்றால், "அவங்க காட்டுறதைத்தான் பாக்கணும், நான் பாக்க நினைக்கிறதைப் பாக்க முடியாது" என்பார். 2023 டிசம்பரில், "இந்த வருஷம் நீ போய் நல்லா படம் எடுத்துக்கிட்டு வா. அந்தப் பெரிய கம்ப்யூட்டர் டிவியில போட்டுக் காட்டு" என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். மானிட்டரைத்தான் அம்மா கம்ப்யூட்டர் டிவி என்பார்.

என் போன் சாதாரணமானது. தம்பி மகன் தவணையில் வாங்கிய சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ரா வீட்டில் இருந்தது. 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் ஆரம்ப விலை 1,24,999 ரூபாய். "பெரியப்பா, கீழே போட்டுடாதீங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டுக் கொடுத்தான்.

ஒன்று அல்ல, நான்கு

இந்த போனைத் திருப்பிப் பார்த்தால் வட்ட வட்டமாகத் தெரியும். அவற்றில் நான்கு கேமராக்கள். முதலாவது 200 மெகா பிக்சல் கொண்ட முக்கியக் கேமரா. இரண்டாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் 12 மெகா பிக்சல் கேமரா. மற்ற இரண்டும் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுபவை. ஒன்று 3 மடங்கு, இன்னொன்று 10 மடங்கு. இரண்டுமே 10 மெகா பிக்சல்தான்.

10 மடங்கு லென்ஸ் எப்படி இவ்வளவு மெல்லிய போனுக்குள் இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நீர்மூழ்கிக் கப்பலில் பெரிஸ்கோப் இருக்கும் அல்லவா? அதே வழிதான். உள்ளே நுழையும் வெளிச்சத்தை ஒரு பிரிசம் 90 டிகிரி திருப்பிவிடுகிறது. லென்ஸ்கள் போனுக்குள் படுத்த வாக்கில் இருக்கின்றன. 2024ல் வந்த எஸ்24 அல்ட்ராவில் இந்த 10 மடங்கு லென்ஸை எடுத்துவிட்டு, 5 மடங்கு கொண்ட 50 மெகா பிக்சல் கேமராவை வைத்தார்கள்.

செல்பி கேமரா, வீடியோ, கூடவே வரும் பேனா எல்லாம் நன்றாகவே உள்ளன. அவை நமக்கு இப்போது வேண்டாம்.

20 கோடிப் புள்ளிகள் எதற்கு?

200 மெகா பிக்சல் என்றால் 20 கோடிப் புள்ளிகள். ஆனால் நீங்கள் பட்டனைத் தட்டினால் கிடைக்கும் படத்தில் சுமார் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள்தான் இருக்கும். அதாவது 12 மெகா பிக்சல். மீதி எங்கே போயிற்று?

மழையில் முற்றத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் சின்னதாக இருந்தால் அதில் விழும் தண்ணீரும் கொஞ்சம்தான். 16 டம்ளர்களில் உள்ளதை ஒரு குடத்தில் ஊற்றினால் கணிசமாகச் சேரும். இந்த கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் 0.6 மைக்ரான் அளவுதான். வெளிச்சம் குறைவான இடத்தில் அதில் விழும் ஒளி போதாது. எனவே பக்கத்தில் பக்கத்தில் உள்ள 16 புள்ளிகளைச் சேர்த்து 2.4 மைக்ரான் கொண்ட ஒரே புள்ளியாக்கிவிடுகிறார்கள். படம் இருட்டிலும் சுத்தமாக வருகிறது.

இது புது யோசனை அல்ல. 2012ல் நோக்கியா 808 ப்யூர்வியூ என்ற போன் 41 மெகா பிக்சலுடன் வந்தது. பல புள்ளிகளைச் சேர்த்து 5 மெகா பிக்சல் படமாகத் தருவதுதான் அதன் சிறப்பு. 2006 முதல் 2014 வரை நம் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை நடத்திய அதே நோக்கியாதான். அன்று அதை வாங்கியவர்களைக் கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

வேண்டும் என்றால் 200 மெகா பிக்சலையும் முழுதாகவே எடுக்கலாம். கேமரா திரையின் மேலே உள்ள அளவு மெனுவில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைல் மிகப் பெரிதாகும், மெமரி கார்டு போடவும் வழியில்லை. எனவே நான் இதை விளம்பர வித்தை என்றே நினைத்திருந்தேன்.

முதுநகரில் ஒரு ஒத்திகை

தேருக்கு இரண்டு நாள் முன்பு கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். எதிர்க்கரையில் கட்டியிருந்த படகுகளை 10 மடங்கில் எடுத்தேன். படகின் பதிவு எண்ணைப் படிக்க முடிந்தது. வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பீடி பிடிக்கிறார் என்பதும் தெரிந்தது. மனதுக்குள் ஒரே குஷி.

மாலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். கடலுக்கு மேல் நிலா. 100 மடங்கு ஜூம் வைத்தால் நிலாவின் கறைகள் பளிச்சென்று தெரிகின்றன. இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2023 மார்ச்சில் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் மானிட்டரில் வைத்து, இருட்டறையில் சாம்சங் போனால் எடுத்துக் காட்டினார். மானிட்டரில் இல்லாத கறைகள் போன் எடுத்த படத்தில் இருந்தன! அதன் பிறகு சாம்சங் விளக்கம் வெளியிட்டது. 25 மடங்குக்கு மேல் ஜூம் செய்யும்போது எதிரே இருப்பது நிலா என்று போன் அடையாளம் கண்டுகொள்ளும், பிறகு செயற்கை நுண்ணறிவால் விவரங்களைக் கூட்டும் என்பது அதன் சாரம். கேமரா செட்டிங்ஸில் 'சீன் ஆப்டிமைசர்' என்பதை ஆப் செய்தால் இது நடக்காது.

நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. எனவே போன் அதைக் கற்றுக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு என்ன செய்யும்? அன்று நான் அதை யோசிக்கவில்லை.

தேரும் நான்கு வீதியும்

சிதம்பரத்தில் ஒரு சிறப்பு உண்டு. மற்ற கோயில்களில் உற்சவர்தான் தேரேறுவார். இங்கே ஆனியிலும் மார்கழியிலும் மூலவரான நடராஜரே சிவகாமி அம்மையுடன் வீதிக்கு வருகிறார். பிள்ளையார், முருகன், சண்டிகேசுவரர் தேர்களோடு மொத்தம் ஐந்து தேர்கள். சந்நிதியில் படம் எடுக்க அனுமதி இல்லை. எனவே கேமரா வைத்திருப்பவர்களுக்கு வீதிதான் வாய்ப்பு.

காலையில் சீக்கிரமே போய்விட்டதால் கிழக்குக் கோபுர வாசலில் கொஞ்ச நேரம் கிடைத்தது. உள்சுவரில் நாட்டிய சாத்திரம் சொல்லும் 108 கரணங்களும் சிலையாக உள்ளன. அங்கே எப்போதும் அரையிருட்டு. காவலரிடம் கேட்டுக்கொண்டு, நைட் மோடில் போனை மூன்று வினாடி ஆடாமல் பிடித்து எடுத்தேன். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கை முத்திரைகள்கூட திரையில் தெளிவாக இருந்தன. 16 டம்ளர் கணக்கு இங்கேதான் உதவியது. பரதம் கற்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவசியம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கீழவீதியில் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடியில் இடம் கிடைத்தது. தேர் கிளம்பும்போது நல்ல வெயில். சுவாமியின் முகத்தை 10 மடங்கில் பத்துப் படம், 3 மடங்கில் சில படம். நடுவில் மெனுவில் கை பட்டு 200 மெகா பிக்சலுக்கு மாறிவிட்டது போலிருக்கிறது. தேர், வடம், ஜனங்கள், கோபுரம் எல்லாம் அடங்க ஒரே ஒரு படம் அதில் எடுத்திருக்கிறேன். அப்போது எனக்கே தெரியாது.

வடக்கு வீதியில் மறுபடி தேரைப் பிடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டத்தில் கிட்டப் போக முடியவில்லை. 10 மடங்கு, 20 மடங்கு, கடைசியாக 30 மடங்கு என்று தள்ளிக்கொண்டே போய்ப் படம் எடுத்தேன். போன் திரையில் பிரமாதமாக இருந்தது. அம்மாவுக்கு இதுதான் என்று முடிவு செய்துகொண்டு பஸ் ஏறினேன்.

மானிட்டரில் தெரிந்த உண்மை

படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எளிது. யுஎஸ்பி கேபிளைச் செருகியதும் போன் திரையில் அனுமதி கேட்கும். 'அலோ' என்பதைத் தட்டுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி' திறந்தால் போனின் பெயர் இருக்கும். அதற்குள் இன்டர்னல் ஸ்டோரேஜ், அதற்குள் டிசிஐஎம், அதற்குள் கேமரா என்ற போல்டர். வேண்டிய படங்களைக் காப்பி செய்து ஹார்ட் டிஸ்கில் பேஸ்ட் செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிக்கொள்ள வேண்டாம். அது படத்தைச் சுருக்கிவிடும். வேறு வழி இல்லை என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

30 மடங்கு படத்தைத்தான் முதலில் திறந்தேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஏம்ப்பா, சாமி முகம் ஏன் இப்படி வழவழன்னு இருக்கு? யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கே."

அவர் சொன்னது சரி. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு மவுஸ் வீலை உருட்டிப் பெரிதாக்கினால், பூமாலை பூமாலையாக இல்லை. சாயம் பூசியது போல இருந்தது. 10 மடங்குக்கு மேல் எந்த லென்ஸும் இந்த போனில் கிடையாது. அதற்கு மேல் போவது எல்லாம் கிடைத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கி, விடுபட்டதைப் போன் ஊகித்து நிரப்புவதுதான். எந்த கம்பெனி போனாக இருந்தாலும் இதுதான் நிலைமை.

சரி, மாலையில் 10 மடங்கிலேயே எடுத்தவை ஏன் மங்கல்? இதைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ் பாருங்கள். 'எப் ஸ்டாப்' என்று ஒரு எண் இருக்கும். இந்த போனில் முக்கியக் கேமராவுக்கு அது 1.7. 3 மடங்கு லென்ஸுக்கு 2.4. 10 மடங்கு லென்ஸுக்கு 4.9. எண் கூடக் கூட லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். காலையில் எடுத்த படங்களில் 4.9 என்று இருந்தது. மாலைப் படங்களில் 1.7! வெளிச்சம் போதாததால் போன் 10 மடங்கு லென்ஸை விட்டுவிட்டு, முக்கியக் கேமராவின் படத்தையே வெட்டிப் பெரிதாக்கித் தந்திருக்கிறது. திரையில் மட்டும் 10 என்றே காட்டியது.

எடுக்கும்போதே இதைத் தெரிந்துகொள்ள ஒரு தந்திரம் உண்டு. 10 மடங்கு வைத்துக்கொண்டு அந்த லென்ஸை விரலால் மூடிப் பாருங்கள். திரை இருண்டால் அந்த லென்ஸ்தான் வேலை செய்கிறது. இருளாவிட்டால் வேறு கேமரா.

காலைப் படங்களைத் திறந்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெயிலில் எடுத்தவை, திருமுகம் தெளிவாக இருந்தது. ஆனாலும் அடுத்த கேள்வி வந்தது.

"வடம் எங்கேப்பா?"

நான் எடுத்த முப்பது சொச்சம் படங்களிலும் முகம்தான். தேடிக்கொண்டே போனபோதுதான் அந்த 200 மெகா பிக்சல் படம் அகப்பட்டது. 38 எம்பி. திறக்கவே சற்று நேரம் பிடித்தது. பார்த்தால் தேர் முழுவதும் இருந்தது, ஆனால் எல்லாமே குட்டி குட்டியாக. நம் வீட்டு மானிட்டர் காட்டுவது சுமார் 20 லட்சம் புள்ளிகள்தான். மீதி 19 கோடிக்கும் மேல் உள்ளே மறைந்து கிடக்கிறது.

வீலை உருட்டினேன். வடம் பெரிதானது. வடத்தைப் பிடித்த கைகள், வளையல்கள், ஈரப் புடவையின் கரை. அப்படியே மேலே நகர்த்தினால் சக்கரம், குதிரை பொம்மைகள், பூமாலைகள், நடுவே சுவாமி. 10 மடங்குப் படத்தின் அளவு தெளிவில்லை. ஆனாலும் வரைந்தது போல இல்லை. நல்ல வெயிலில், ஆடாமல் பிடித்து எடுத்தால் அந்த 20 கோடிப் புள்ளிகளுக்கும் வேலை இருக்கிறது என்பதை அங்கேதான் ஒப்புக்கொண்டேன்.

இதற்காக லட்ச ரூபாய் போனை வாங்கலாமா என்று கேட்டால், நான் வாங்கவில்லை. போன் வாங்கப் போகும்போது மெகா பிக்சலைக் கேட்பதற்குப் பதில், தூரத்தைக் காட்டும் தனி லென்ஸ் இருக்கிறதா, அது எத்தனை மடங்கு என்று கேளுங்கள். ஜூம் எத்தனை என்று கேட்டால் கடைக்காரர் பெரிய எண்ணைத்தான் சொல்வார்.

படங்களை ஹார்ட் டிஸ்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக இரண்டு காப்பி எடுத்த பிறகே போனைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மா இப்போது மவுஸ் வீலைத் தானே உருட்டுகிறார். வடத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே போவார். இடையில் நான் உதவப் போனால், "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்கிறார்.