பொய்க்கணக்கு சொன்ன கணினி, பழி சுமந்த மனிதர்கள்

பிரிட்டனின் பல ஊர்களில் அஞ்சலகம் என்பது கடையின் ஒரு மூலை. கடைக்காரரே அதை நடத்துவார். முதியவர்கள் பலர் ஓய்வூதியம் வாங்கியதும் அவரிடம்தான். ஊரார் நம்பிப் பணம் கொடுத்த இந்த மனிதர்களில் 900-க்கும் மேற்பட்டோர் 1999 முதல் 2015 வரை திருட்டு, மோசடி, பொய்க்கணக்குக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். பிழை செய்தது மென்பொருள்.

நடந்தது என்ன?

1999-ல் புஜித்சு நிறுவனத்தின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் அஞ்சலகங்களுக்கு வந்தது. கணக்கு முடிக்கும் வேளையில் திரையில் திடீரென்று துண்டு விழும். கல்லாவில் உள்ள பணத்தோடு இடிக்கும். குறைந்த தொகையை அஞ்சலகம் நடத்துபவரே ஈடுகட்ட வேண்டும் என்றது அஞ்சலக நிறுவனம். பலர் கைக்காசைப் போட்டார்கள், கடன் வாங்கினார்கள். உதவி கேட்டவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல்."

நீதிமன்றம் ஏன் காக்கவில்லை?

கணினி சரியாக இயங்குகிறது என்பதே இங்கிலாந்துச் சட்டத்தின் அனுமானம். அதில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் விழுந்தது. கோளாறுப் பதிவுகளோ எதிர்த்தரப்பின் பூட்டுக்குள் இருந்தன. சுமார் 700 வழக்குகளில் பணம் போனது என்று சொன்னதும், புலன் விசாரித்ததும், வழக்கு நடத்தியதும் அதே அஞ்சலக நிறுவனம்தான்.

உண்மை எப்படி வெளிவந்தது?

முன்பு அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ் முன்னின்று, 555 பேர் அஞ்சலக நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஹொரைசனில் பிழைகள் இருந்ததை 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. சமரசத்தில் கிடைத்த 5.775 கோடி பவுண்டில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போனது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனையை ரத்துசெய்தது. 2024 ஜனவரியில் இவர்களின் கதை தொலைக்காட்சித் தொடராக வந்ததும் நாடே கொதித்தது. அந்த மே மாதம் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரேயடியாக நீக்கியது. 13 பேரின் தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்றது 2025 ஜூலையில் வந்த விசாரணை ஆணைய அறிக்கை.

என்ன மாற வேண்டும்?

குற்றம் சாட்டுபவரிடமே சான்றும் முடங்கிக் கிடந்தால் எளியவருக்கு நீதி எட்டாது. கணினிக் கணக்கைச் சான்றாக வைப்பவர் அதன் கோளாறுப் பதிவுகளையும் சேர்த்தே வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். கடைக்காரரிடம் ஒவ்வொரு பென்னிக்கும் கணக்குக் கேட்ட நிறுவனம், தன் மென்பொருளின் பிழைப் பட்டியலைக் காட்டச் சொன்னபோது நீதிமன்றத்திலும் முரண்டு பிடித்தது. ஊர் வைத்திருந்த நம்பிக்கை உடைந்தது அங்கேதான்.