சன்னலோரம் எந்தப் பக்கம்?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் செல்லும் விமானப் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நீடிக்கும். அதிலும் தீவும் பாலங்களும் தெளிவாகத் தெரிவது, தரையிறங்குவதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான். சன்னலோரம் இடம் கிடைத்தும் பக்கம் மாறி அமர்ந்துவிட்டால், கடலை மட்டுமே பார்த்தபடி இறங்க நேரிடும். நல்ல காட்சி அதிர்ஷ்டத்தால் மட்டும் அமைவதன்று. திசை, ஓடுபாதை, சூரியன், இறக்கை ஆகிய நான்கையும் அறிந்தவருக்கு அது எளிதில் வாய்க்கும்.

முதலாவது, பயணத் திசை. பினாங்கு கோலாலம்பூருக்கு வடமேற்கில் உள்ளது. எனவே, அங்குச் செல்லும் விமானத்தின் இடப்புறம் மலாக்கா நீரிணையும் வலப்புறம் தித்திவாங்சா மலைத்தொடரும் அமைகின்றன. திரும்பி வரும்போது இவை பக்கம் மாறிவிடும்.

இரண்டாவது, ஓடுபாதை. பினாங்கு அனைத்துலக விமான நிலையம் தீவின் தென்கிழக்கே பாயான் லெப்பாசில் உள்ளது. அதன் ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடக்கிறது. அதன் இரு முனைகளுக்கும் 04, 22 என்னும் எண்கள் வழங்கப்பட்டுள்ளன. இவை திசைகாட்டியின் பாகைகளைக் குறிக்கின்றன. 04 என்பது ஏறக்குறைய 40 பாகையையும் 22 என்பது 220 பாகையையும் சுட்டும். விமானங்கள் பொதுவாகக் காற்றை எதிர்த்தே தரையிறங்கும். ஆகவே, எந்த முனை வழியாக இறங்குவது என்பதைக் காற்றே பெரும்பாலும் முடிவு செய்கிறது.

தென்மேற்கிலிருந்து இறங்கும்போது இடப்புறம் தீவின் மலைகள் தெரியும். வலப்புறம் இரண்டாவது பாலம் தெரியும். வடகிழக்கிலிருந்து இறங்கும்போது வலப்புறம் ஜார்ஜ்டவுன் நகரமும் கோம்தார் கோபுரமும், இடப்புறம் முதல் பாலத்தின் பெரும்பகுதியும் தெரியும். காற்றின் திசை முன்கூட்டியே தெரியாது. ஆயினும், வலப்புறம் அமர்பவர் நகரத்தையோ நீண்ட பாலத்தையோ, இரண்டில் ஒன்றைக் காண வாய்ப்புண்டு.

மூன்றாவது, சூரியன். வெயில் நேரே முகத்தில் படும் பக்கத்தில் கண் கூசும். நிலப்பரப்பும் மங்கலாகத் தெரியும். வடமேற்கு நோக்கிய இப்பயணத்தில் காலையில் வலப்புறமும் பிற்பகலில் இடப்புறமும் வெயில் படும். ஆகவே, வலப்புறத்தை விரும்புவோருக்குப் பிற்பகல் பயணமே ஏற்றது.

நான்காவது, இறக்கை. விமானத்தின் நடுப்பகுதியில் அமர்ந்தால் இறக்கை கீழுள்ள காட்சியை மறைத்துவிடும். இறக்கைக்குப் பின்னால் அமர்ந்தால், இயந்திரத்திலிருந்து வெளியேறும் வெப்பக்காற்று காட்சியைக் கலங்கச் செய்யும். எனவே, இறக்கைக்கு முன்னுள்ள வரிசையே சிறந்தது. சுழல்விசிறியால் இயங்கும் சிறிய விமானங்கள் சிலவற்றில் இறக்கை உடற்பகுதியின் மேலே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் தரை நன்றாகத் தெரியும். சில விமானங்களில் சன்னலே இல்லாத ஓர இருக்கைகளும் உள்ளன. இருக்கையைத் தேர்ந்தெடுக்கச் சில நிறுவனங்கள் கட்டணம் விதிப்பதால், இருக்கை வரைபடத்தை முன்னரே பார்ப்பது நல்லது.

இத்தனை கவனம் எதற்கு? சன்னல் வழியே தெரிவது அழகு மட்டுமன்று. ஓர் ஊரின் வரலாறும் அங்கே விரிந்து கிடக்கிறது. 1985ஆம் ஆண்டில் முதல் பாலம் திறக்கப்படும் வரை தீவையும் பெருநிலத்தையும் இணைத்தவை படகுகளே. 2014இல் திறக்கப்பட்ட இரண்டாவது பாலத்தின் நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலின்மேல் செல்கிறது. தீவின் தென்கரையில் கடலைத் தூர்த்துப் புதிய நிலத்தை உருவாக்கும் பணி 2023இல் தொடங்கியது. அந்தக் கடற்பகுதியை நம்பி வாழும் மீனவர்கள் இதனால் கவலையுற்றுள்ளனர். வளர்ச்சிக்கும் வாழ்வாதாரத்துக்கும் இடையிலான இந்தச் சிக்கலைச் செய்தித்தாளில் படிப்பது ஒரு வகை. கரையோரம் உருமாறுவதை மேலிருந்து பார்த்து உணர்வது வேறு வகை.

பாடநூலிலுள்ள வரைபடம் அச்சிட்ட நாளோடு நின்றுவிடுகிறது. சன்னலுக்கு வெளியே உள்ள வரைபடமோ ஒவ்வோர் ஆண்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. அதைப் படிக்க விரும்பும் மாணவர், ஏறும் முன்பே எந்தப் பக்கம் அமர்வது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.