எபிரேய மறைநூலில் தலைவர்கள் மீதான பொறாமை

இறைவன் தெரிந்தெடுத்த தலைவர் மீது உறவினரும் உடன் பணியாளரும் பொறாமை கொள்வது எபிரேய மறைநூலில் பலமுறை வரும் கருப்பொருள் ஆகும். யோசேப்பின் அண்ணன்மார் (ஆதியாகமம் 37), மோசேக்கு எதிராகப் பேசிய மிரியாமும் ஆரோனும் (எண்ணாகமம் 12), தாவீதைப் பகைத்த சவுல் (1 சாமுவேல் 18) ஆகியோர் இதற்கு எடுத்துக்காட்டுகள். கோராகின் கிளர்ச்சியும் (எண்ணாகமம் 16) இத்தகையதே.

சொற்பொருள்

பொறாமையைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'கின்ஆ'. வைராக்கியம் என்ற நற்பொருளும் இதற்கு உண்டு. யோசேப்பின் கதையிலும், மோசே மீதான பொறாமையைக் கூறும் 106ஆம் சங்கீதத்திலும் இதன் வேர்ச்சொல்லே வருகிறது. சவுலைக் குறித்து வருவதோ 'கண்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை. தமிழில் 'கண் வைத்தல்' என்பதற்கு நெருக்கமானது.

கோராகின் கிளர்ச்சி

கோராகு லேவி கோத்திரத்தவர். மோசேக்கும் ஆரோனுக்கும் சிற்றப்பன் மகன். ரூபன் கோத்திரத்துத் தாத்தான், அபிராம் ஆகியோரும் 250 தலைவர்களும் அவருடன் சேர்ந்தனர். மக்கள் அனைவருமே பரிசுத்தர்கள், அப்படியிருக்க நீங்கள் இருவர் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள் என்பது அவர்களின் வாதம். லேவியருக்குத் தரப்பட்ட கூடாரப் பணி போதாமல் ஆசாரியப் பட்டத்தையும் நாடுகிறீர்களா என்று மோசே திருப்பிக் கேட்டார். சமத்துவம் பேசிய வாதத்தின் உள்ளே பதவி ஆசை இருந்தது என்பதே இக்கேள்வியின் பொருள். கோகாத்தியரின் தலைமை தம்மைவிட இளைய கிளையைச் சேர்ந்த எல்சாபானுக்குக் கிடைத்ததே கோராகின் மனக்குறை என்று 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராசி விளக்குகிறார்.

முடிவில் நிலம் பிளந்து கிளர்ச்சியின் தலைவர்களை விழுங்கியது. 250 பேரும் நெருப்புக்கு இரையாயினர். எனினும் கோராகின் மக்கள் சாகவில்லை (எண்ணாகமம் 26). சங்கீதங்கள் பல 'கோராகின் புத்திரர்' பெயரைத் தாங்கியுள்ளன.

கேள்வியும் பொறாமையும்

தலைவரைக் கேள்வி கேட்பது எல்லாமே பொறாமை என்று இந்நூல் கருதவில்லை. செலொப்பியாத்தின் மகள்கள் ஐவர், மகன் இல்லாத தம் தந்தையின் நிலத்தில் தமக்குப் பங்கு கேட்டு மோசேயின் முன் நின்றனர். தந்தை கோராகின் கூட்டத்தில் சேரவில்லை என்பதையும் குறிப்பிட்டனர். அவர்கள் கேட்டது நியாயம் என்று தீர்ப்பானது (எண்ணாகமம் 27).

மறுபுறம், தலைவருக்காகப் பிறர் கொள்ளும் பொறாமையும் கண்டிக்கப்படுகிறது. எல்தாத், மேதாத் இருவரும் பாளயத்தில் தீர்க்கதரிசனம் சொன்னபோது அவர்களைத் தடுக்கச் சொன்னார் யோசுவா. மோசே அதை ஏற்கவில்லை. மக்கள் எல்லாருமே தீர்க்கதரிசிகள் ஆகவேண்டும் என்பதே தம் விருப்பம் என்றார் (எண்ணாகமம் 11).