தமிழில் இணைய முகவரி: எண், பெயர், பயனர்

முன்னுரை

இணையத்தோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. அவ்வெண்ணை மனிதர் நினைவில் வைத்திருத்தல் அரிது என்பதால் அதற்கு ஒரு பெயரைச் சூட்டி வழங்குகிறோம். இவ்வாறு இணைய முகவரி என்பது எண், பெயர் என்னும் இரண்டு அடுக்குகளைக் கொண்டதாகிறது. 2011ஆம் ஆண்டில் இவ்விரண்டு அடுக்குகளிலும் குறிப்பிடத்தக்க நிகழ்வுகள் நேர்ந்தன. அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொது இருப்பில் எஞ்சியிருந்த நான்காம் பதிப்பு எண் முகவரித் தொகுதிகள் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. அதே ஆண்டில் ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ என்னும் தமிழ்ப் பெயர்கள் இணையத்தின் வேர்ப் பட்டியலில் இடம்பெற்றன.

முதல் மாற்றத்தைப் பயனர் பெரும்பாலும் உணரவே இல்லை. 32 இரும எண்களாலான பழைய முறை ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே தரவல்லது. 128 இரும எண்களாலான ஆறாம் பதிப்பு தரும் முகவரிகளின் தொகையை எழுத 39 இலக்கங்கள் தேவைப்படும். இவ்வளவு பெரிய மாற்றமும் பெயர் என்னும் திரைக்குப் பின்னால் நிகழ்கிறது. பயனர் முன்பு தட்டச்சு செய்த அதே பெயரையே இன்றும் தட்டச்சு செய்கிறார். இரண்டாவது மாற்றமோ அந்தத் திரையிலேயே நிகழ்வது. அங்குப் பயனர் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்டாலன்றி மாற்றம் நிறைவு பெறாது. இக்கட்டுரை தமிழ் முகவரிகள் உருவான முறையினையும், தமிழ் எழுத்தமைப்பு அவற்றில் எழுப்பும் சிக்கல்களையும், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இன்று நிற்கும் இடத்தினையும் விளக்க முற்படுகிறது.

37 குறிகளின் உலகம்

பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஆள்களப் பெயர் முறையை (டொமைன் முறை) பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். வழக்கில் இப்பெயர்களுக்குப் பயன்பட்டவை ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 10 இலக்கங்கள், ஒரு சிறுகோடு ஆகிய 37 குறிகளே. புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 குறிகளைத் தாண்டலாகாது என்பதும் விதி. இம்முறை தோன்றிய காலத்து இணையம் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வாளர்களின் கருவியாக இருந்தது. ஆகவே அன்று இது ஒரு குறையாகத் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இக்குறையைக் களையும் முயற்சியில் நம் வட்டாரத்திற்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ தலைமையிலான குழுவினர் 1998இல் பன்மொழி ஆள்களப் பெயர்களுக்கான தொடக்கநிலை அமைப்பொன்றை உருவாக்கினர். தமிழ்க் கணிமையின் முன்னோடிகளுள் ஒருவரான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அம்மரபின் தொடர்ச்சியாக 2000ஆம் ஆண்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அடுத்த ஆண்டின் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. தமிழ் முகவரி என்னும் எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததன்று என்பதற்கு இவை சான்று.

பெயர் உருமாறும் முறை

உலகெங்கும் இயங்கும் வழங்கிகள் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றுதல் இயலாது. எனவே இணையப் பொறியியல் செயற்குழு 2003 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை ஒரு நடைமுறைத் தீர்வை மேற்கொண்டது. பயனர் தம் மொழியில் பெயரைத் தருவார். அவருடைய உலாவி அதனைப் பழைய 37 குறிகளுக்குள் அடங்குமாறு உருமாற்றி அனுப்பும். இவ்வுருமாற்ற முறைக்குப் பியூனிகோடு என்று பெயர். உருமாறிய பெயர் எக்ஸ், என் ஆகிய இரண்டு ஆங்கில எழுத்துகளோடும் இரண்டு சிறுகோடுகளோடும் தொடங்கும். இந்நெறிமுறை 2010இல் திருத்தி அமைக்கப்பட்டது.

‘சிங்கப்பூர்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது ஆறு எழுத்து. யூனிக்கோடு முறையில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 11 குறியீடுகள். உருமாறியபின் முன்னொட்டையும் சேர்த்து 22 குறிகளாகிறது. இவ்வடிவம் யாரும் படிப்பதற்கு உரியதன்று. வழங்கிகளுக்கு மட்டுமே உரியது.

இத்தீர்வின் சிறப்பு, இணையத்தின் அடித்தளத்தில் எதனையும் மாற்ற வேண்டியதில்லை என்பது. அதன் விலையோ பயனர் பக்கத்தில் செலுத்தப்படுகிறது. உலாவி, மின்னஞ்சல் செயலி, வங்கிப் படிவம், பதிவுப் படிவம் என முகவரியைக் கையாளும் ஒவ்வொரு மென்பொருளும் இவ்வுருமாற்றத்தை அறிந்திருத்தல் வேண்டும். அறியாத ஒன்று இடையில் இருப்பினும் சங்கிலி அறுந்துவிடும்.

மூன்று நாடுகளின் பெயர்கள்

பெயர் முறையை மேற்பார்வையிடும் ஐகான் நிறுவனம் 2007 அக்டோபரில் 11 சோதனை முகவரிகளை வெளியிட்டது. அவற்றுள் தமிழும் ஒன்று. அச்சோதனைக்குத் தேர்ந்த தமிழ்ச் சொல் ‘பரிட்சை’. அகராதிகள் ‘பரீட்சை’ என நெடிலிட்டே இச்சொல்லைத் தருகின்றன. உலகளாவிய தேர்வுக்களத்தில் நம் மொழியின் முதற் பெயரே குறில், நெடில் ஐயத்தோடு அமைந்தது. முகவரியில் எழுத்துப் பிழை எத்துணை நிலையானதாகிவிடும் என்பதை இது காட்டுகிறது.

2009 அக்டோபரில் சியோலில் கூடிய ஐகான் குழு, நாடுகள் தம் பெயரைத் தம் எழுத்திலேயே பதிந்துகொள்ள விரைவு வழியொன்றை ஏற்றது. 2010 மே மாதத்தில் எகிப்து, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு சிற்றரசுகள் ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் முதலில் வேர்ப் பட்டியலை அடைந்தன. அதே ஆண்டில் சிங்களப் பெயரோடு ‘.இலங்கை’யும், 2011இல் ஏனைய ஆறு எழுத்துகளின் பெயர்களோடு ‘.இந்தியா’வும், சீனப் பெயரோடு ‘.சிங்கப்பூர்’உம் இடம்பெற்றன.

இவ்விரைவு வழிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பெயர் எழுதப்படும் மொழி அந்நாட்டில் ஆட்சிமொழித் தகுதியோ நிருவாகப் பயன்பாடோ உடையதாக இருத்தல் வேண்டும். மலேசியா தன் பெயரை ஜாவி எழுத்தில் பதிந்துகொண்டது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட இந்நாட்டிற்குத் தமிழில் ஒரு நாட்டுப் பெயர் முகவரி இல்லாமைக்கு இந்நிபந்தனையே முதன்மைக் காரணம். இதில் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மொழிக்கு அரசமைப்பு வழங்கும் தகுதியே இணைய வேரிலும் எதிரொலித்தது.

நாடு சாராத பொதுப் பெயரொன்றைத் தமிழில் பெறுவதற்கு வேறு வழி உண்டு. ஆனால் அதன் விண்ணப்பக் கட்டணம் 2012ஆம் ஆண்டுச் சுற்றில் 185,000 அமெரிக்க டாலராக இருந்தது. அறக்கட்டளைகளும் சங்கங்களும் எளிதில் எட்டக்கூடிய தொகை அன்று அது.

தமிழ் எழுத்தின் தனிச் சிக்கல்கள்

முகவரி என்பது ஐயத்திற்கு இடந்தராத பெயர். தமிழ் எழுத்து வழக்கிலோ நாம் பொறுத்துக்கொள்ளும் ஐயங்கள் சில உள்ளன. அவற்றை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, உருவ மயக்கம். ‘ஔவை’ என்பதை ஔகாரத்தால் எழுதலாம். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ எனவும் தட்டச்சு செய்துவிடலாம். கண்ணுக்கு இவை ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு வெவ்வேறு பெயர்கள். ககர எழுத்தும் ஒன்றைக் குறிக்கும் தமிழ் எண்ணும், உகரமும் இரண்டைக் குறிக்கும் எண்ணும் இத்தகையனவே. பிற எழுத்துகளோடும் மயக்கம் உண்டு. தமிழ் உகரமும் மலையாள உகரமும் உருவில் நெருங்கியவை. இத்தகைய ஒப்புமை ஏமாற்றுக்கு வழிவகுக்கும். 2017 ஏப்ரலில், சிரில்லிக் எழுத்துகளால் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போன்றே தோன்றும் ஒரு முகவரியை உருவாக்கிக் காட்டினார் ஆய்வாளர் ஒருவர். இவ்வாறான ஐயம் எழும் இடங்களில் உலாவிகள் உருமாறிய வடிவத்தையே காட்டுவதற்கு இதுவே காரணம். தமிழ் உள்ளிட்ட பிராமி வழி எழுத்துகளுக்கு வேர்நிலையில் எவை ஏற்புடையவை, எவை ஒன்றற்கொன்று மாற்றுருவானவை என ஆய்ந்த வல்லுநர் குழுவின் விதிகள் 2019இல் நடைமுறைத் தொகுப்பில் சேர்ந்தன.

இரண்டாவது, புணர்ச்சி. ‘தமிழ்ப்பள்ளி’ என ஒற்று மிகுத்து எழுதுவதே இலக்கணம். ஆயினும் ‘தமிழ்பள்ளி’ என எழுதுவோர் பலர். அச்சில் இது ஒரு பிழை மட்டுமே. படிப்பவர் பொருளறிந்து கடந்துவிடுவார். முகவரியில் இவை இரண்டு வெவ்வேறு இடங்கள். ஒன்றைப் பள்ளியும் மற்றொன்றை வேறொருவரும் பதிந்துகொள்ளலாம். இடைவெளிக்கு முகவரியில் இடமில்லை என்பதால் ‘பல்கலைக்கழகம்’, ‘பல்கலைக் கழகம்’ என்னும் பிரிப்புச் சிக்கல் மறைகிறது. ஒற்றுச் சிக்கலோ கூர்மையடைகிறது.

மூன்றாவது, சொல்வரிசை. ஆள்களப் பெயர் சிறிய அலகில் தொடங்கிப் பெரிய அலகில் முடியும். தமிழின் இயல்பு இதற்கு மாறானது. ‘சிங்கப்பூர் நூலகம்’ என்போமேயன்றி ‘நூலகம் சிங்கப்பூர்’ என்பதில்லை. எழுத்து தமிழாயினும் தொடரமைப்பு ஆங்கிலத்தினுடையதாகவே நிற்கிறது. முகவரியைத் தமிழ்ப்படுத்துவதில் எழுத்து மாற்றம் எங்கு முடிகிறது, மொழி மாற்றம் எங்குத் தொடங்குகிறது என்பதை இவ்வெல்லை உணர்த்துகிறது.

பயனரின் நிலை

வகுப்பறையில் மாணவரிடம் ‘.சிங்கப்பூர்’ என முடியும் முகவரி ஒன்றேனும் அறிவீர்களா என நாம் வினவியதுண்டு. அத்தகைய முகவரி உண்டு என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. தமிழில் நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்புவோர் அவர்கள். எனவே தட்டச்சு அறியாமை காரணமாகாது. முகவரியைத் தட்டச்சு செய்யும் வழக்கமே அருகி, தேடுபொறியும் செயலியும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன என்பது ஒரு காரணம். அவ்வாறாயின் தமிழ் முகவரி எதற்கு என்னும் வினா எழும். அவ்வினா நேர்மையானதே.

இதற்கு விடை, முகவரி தட்டச்சுக்கு மட்டும் உரியதன்று என்பதாகும். அது பெயர்ப்பலகையிலும் அழைப்பிதழிலும் பாடநூலிலும் அச்சாகிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் தம் ஊர்ச் சங்கத்தின் முகவரியைத் தாமே படித்துப் பேரரிடம் சொல்லக்கூடுமா என்பதே இங்கு உள்ள கேள்வி. ஆங்கில எழுத்தில் ழகரமும் ளகரமும் லகரமும் வேறுபாடின்றி நிற்கும்போது, ஒரு பெயரைச் செவிவழிக் கேட்டு முகவரியாக எழுதுதல் ஊகமாகிவிடுகிறது. தமிழ் எழுத்தில் அவ்வூகத்திற்கு இடமில்லை.

மின்னஞ்சலில் இடர் இன்னும் மிகுதி. பயனர் பெயரும் தமிழில் அமையும் அஞ்சல் முகவரிக்கான நெறிமுறைகள் 2012இல் வெளிவந்தன. கூகுளின் ஜிமெயில் 2014இல் அத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாற வழிசெய்தது. ஆயினும் இணையப் படிவமொன்றில் தமிழ் அஞ்சல் முகவரியை நாம் இட்டுப் பார்த்தபோது, அது தவறான முகவரி என மறுக்கப்பட்டது. முகவரியில் தவறேதும் இல்லை. ஆங்கில எழுத்து மட்டுமே முகவரியாகும் என்னும் பழைய எண்ணம் அப்படிவத்தின் நிரலில் எஞ்சியிருந்தது. இக்குறையைக் களையவே அனைத்து முகவரி ஏற்பு என்னும் முயற்சிக்கென ஒரு வழிகாட்டுக் குழு 2015இல் அமைந்தது. 2023 மார்ச் 28ஆம் நாள் அதற்கான முதல் உலக நாள் கடைப்பிடிக்கப்பட்டது.

முடிவுரை

இங்கு ஒரு சுழல் இருப்பதைக் காண்கிறோம். மென்பொருள்கள் ஏற்காமையால் பயனர் தமிழ் முகவரியை நாடுவதில்லை; பயனர் நாடாமையால் மென்பொருளாளர் அதனைச் சோதிப்பதில்லை. இச்சுழலைத் தனியொரு பயனரால் உடைக்க இயலாது, நிறுவனங்களால் இயலும். சிங்கப்பூரில் வழி ஏற்கெனவே திறந்துள்ளது. மலேசியாவில் நாட்டுப் பெயர் தமிழில் இல்லாவிடினும், ஆங்கிலத்தில் முடியும் சில பொதுப் பெயர்களின்கீழ்த் தமிழ்ச் சொல்லைப் பதிதல் இயலும். அதன்பொருட்டு விசைப்பலகையை இடையில் ஒருமுறை மாற்ற நேரும் என்பது மெய்யே. பள்ளிகளும் சங்கங்களும் இதழ்களும் தம் ஆங்கில முகவரியைக் கைவிட வேண்டியதில்லை. தமிழ்ப் பெயரொன்றையும், இயலுமாயின் ஒற்று மிகுந்தும் மிகாதும் அமையும் இருவடிவங்களையும் பதிந்து, அவற்றைப் பழைய தளத்தோடு இணைத்தலே போதுமானது.

எண் முகவரியின் மாற்றத்தைப் பொறியாளர் நமக்காகச் செய்துகொண்டிருக்கின்றனர். பெயரின் மாற்றத்தை நமக்காக வேறொருவர் செய்தல் இயலாது. வேர்ப் பட்டியலில் மூன்று தமிழ்ப் பெயர்கள் ஏறிய பின்னும் அவை வெறும் அடையாளச் சின்னங்களாக நின்றுவிடுமாயின், அடுத்த சுற்று முடிவுகளில் தமிழுக்குத் தேவை இல்லை என்னும் வாதத்திற்கு நாமே சான்றளித்தவர்கள் ஆவோம்.